தெருவுக்கு உயிர் தருவது தோரணமா, நடைபாதையா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைக்கு நடந்து வரும் எழுபது வயது மூதாட்டி ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கையில் ஒரு பை, முழங்காலில் வலி. முதலில் மருந்துக் கடைக்குப் போக வேண்டும், பிறகு பூ வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போக வேண்டும். அவருக்குப் பின்னால், வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு பார்வையற்ற இளைஞர் ஒருவர் வேலைக்கு வருகிறார். இந்த இருவரும் யார் கையையும் பிடிக்காமல், சாலையில் இறங்கி வாகனங்களுக்கு இடையில் நுழையாமல், போக வேண்டிய இடத்துக்குப் பத்திரமாகப் போய்ச் சேர முடிகிறதா?

நகரத் தெருக்களைப் புதுப்பிப்பது பற்றி எத்தனையோ திட்டங்கள் வருகின்றன. எத்தனையோ வரைபடங்கள் வெளியிடப்படுகின்றன. ஆனால் எல்லா விவாதமும் கடைசியில் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்க வேண்டும். அதனுடன் இன்னொரு கேள்வியும் சேர்ந்தே வருகிறது. தெரு அழகாக மாறிய பிறகு, அந்த மூதாட்டி தேடி வந்த பழைய கடை அங்கே இருக்குமா?

ஐந்தடி சொல்லும் பாடம்

நடப்பவருக்கு இடம் விட்டுத் தெருவை அமைப்பது மேல்நாட்டிலிருந்து நேற்று வந்திறங்கிய புதுமை அன்று. இந்த மண்ணிலேயே இரண்டு நூற்றாண்டு வயதுடைய முன்மாதிரி ஒன்று உண்டு. 1822-இல் சிங்கப்பூர் நகரத்தை வகுத்தபோது, ஒவ்வொரு கடைவீட்டின் முன்புறமும் கூரையிட்ட நடைவழி இருக்க வேண்டும், அது எந்நேரமும் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும், தெரு நெடுகத் தொடர்ச்சியாகச் செல்ல வேண்டும் என்று ராபிள்ஸ் விதி வகுத்தார். அதுவே ஐந்தடி ஆயிற்று. மலாயில் காக்கி லீமா. பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர் என்று மலாயாவின் பழைய பட்டணங்கள் பலவற்றில் இந்த அமைப்பு பரவியது.

வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க இடம், கடைக்காரருக்கு வாசல், தையற்காரருக்கும் வெற்றிலைக் கடைக்கும் பிழைப்பு என்று அந்த ஐந்தடி அகலத்துக்குள் ஒரு பட்டணத்தின் வாழ்க்கையே நடந்தது. சண்டையும் நடந்தது. ஐந்தடியை அடைத்துப் பொருள்களைப் பரப்பிய கடைகளை அகற்ற நகராட்சி முனைந்தபோது, 1888-இல் சிங்கப்பூரில் கலவரமே மூண்டது. 'வராந்தா கலவரம்' என்று அது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. நடப்பவருக்கும் வழி வேண்டும், விற்பவருக்கும் இடம் வேண்டும் என்ற இழுபறி எவ்வளவு பழையது என்பதை இதிலிருந்து உணரலாம்.

பிற்காலத்தில் கார்கள் பெருகின. சாலைகள் அகலமாயின. புதிய கட்டடங்கள் ஐந்தடியை மறந்தன. நடைபாதை என்பது சாலை போட்டதுபோக மிஞ்சிய இடம் என்றாகிவிட்டது. ஓரிடத்தில் வடிகால் மூடி உடைந்திருக்கும்; ஓரிடத்தில் விளக்குக் கம்பம் வழியை மறிக்கும்; இன்னோர் இடத்தில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். நடப்பவர் வேறு வழியின்றிச் சாலையில் இறங்குகிறார். 2023-இல் மலேசியச் சாலைகளில் 6,400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். என்றாலும், வாகனம் எதுவும் இல்லாமல் வெறுங்காலோடு நடந்து போனவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

செங்கல் சூளையிலிருந்து லிட்டில் இந்தியா வரை

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல்லிலிருந்து வந்தது. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், மரத்தாலும் அத்தாப்பாலும் கட்டிய வீடுகளுக்குப் பதிலாகச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்ட வேண்டும் என்று ஆங்கிலேய ஆட்சியர் உத்தரவிட்டனர். அதற்கான செங்கல் சூளைகள் இங்கே எழுந்தன. பிறகு ரயில்வே வந்தது. ரயில்வேயில் வேலை பார்த்த தமிழர்களும் யாழ்ப்பாணத் தமிழர்களும் இங்கே குடியமர்ந்தனர். கோயில்களும் தேவாலயங்களும் பௌத்த விகாரையும் விவேகானந்தா ஆசிரமமும் அருகருகே எழுந்தன. மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் இங்கேதான் இருக்கிறது. அதனால் பார்வையற்றோர் பலர் இந்த வட்டாரத்திலேயே வசித்து, உடம்புபிடி நிலையங்கள் போன்றவற்றில் உழைத்துப் பிழைக்கின்றனர்.

2001-இல் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டதும் வட்டாரத்தின் முகமே மாறியது. பழைய ரயில்வே நிலத்தில் வானுயர்ந்த கட்டடங்கள் நிமிர்ந்தன. 2010 அக்டோபர் 27-ஆம் நாள், அப்போதைய மலேசியப் பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் சேர்ந்து இங்கே 'லிட்டில் இந்தியா'வைத் தொடக்கி வைத்தனர். வண்ண வளைவுகளும் யானைகள் தாங்கிய நீரூற்றும் வந்தன. 2015 நவம்பரில், இந்திய அரசின் அன்பளிப்பான தோரண வாயிலை இந்தியப் பிரதமர் மோடியும் நஜிப்பும் திறந்து வைத்தனர்.

இவற்றையெல்லாம் குறை சொல்வதற்கில்லை. ஒரு சமூகத்தின் பெயரும் அடையாளமும் தலைநகரின் நடுவில் பொறிக்கப்படுவது பெருமைதான். தீபாவளிச் சமயத்தில் அந்தத் தெருவுக்குப் போனவர்களுக்கு அந்த மகிழ்ச்சி தெரியும். ஆனால் வளைவு என்பது தெருவின் நெற்றித் திலகம். நடைபாதைதான் தெருவின் கால். திலகம் இல்லாமலும் மனிதர் நடக்கலாம். கால் இல்லாமல் எப்படி நடப்பது? பார்வையற்றோர் காலால் தடவி வழி அறிவதற்காகப் பதிக்கப்பட்ட மஞ்சள் ஓடுகளின் மீது மோட்டார் சைக்கிள் நிற்குமானால், அல்லது அந்த ஓடு ஒரு கம்பத்தில் போய் முட்டி முடியுமானால், அந்தத் தெரு பார்க்க வருபவருக்குப் புதுத் தெரு. அங்கேயே வாழ்பவருக்குப் பழைய தொல்லை.

ஒரு சிறு கணக்கு

நேயர்களே, சற்றே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தடத்துக்கு மூன்றரை மீட்டர் என்று வைத்தால், நான்கு தடச் சாலையின் அகலம் 14 மீட்டர். பல நாடுகளில் பச்சை மனிதன் விளக்கின் நேரத்தைக் கணக்கிடும்போது, நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவரையே வழக்கமாக மனத்தில் கொள்கிறார்கள். அவர் 12 நொடியில் கடந்துவிடுவார். முழங்கால் வலியுள்ள மூதாட்டி நொடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பார் என்றால், அவருக்கு 17 நொடிக்கு மேல் வேண்டும். அந்த ஐந்து நொடிக் குறையில்தான் ஓர் உயிர் ஊசலாடுகிறது. அதே சாலையை இரண்டு தடமாகக் குறைத்தால் அவர் ஒன்பது நொடிக்குள் அக்கரை சேர்ந்துவிடுவார்.

கடைக்காரருக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார், இருபது அடி அகலமுள்ள கடையை அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடுகிறது. பெயர்ப்பலகையைப் படிக்கக்கூட அது போதாது. நிதானமாக நடப்பவர் அதே கடையைக் கடக்க ஐந்து நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் கண்ணாடிக்குள் இருக்கும் சேலையைப் பார்ப்பார். வடை சுடும் மணம் மூக்கைத் தொடும். கடைக்காரர் ஒரு வணக்கம் சொல்வார். வியாபாரம் அப்படித்தான் தொடங்குகிறது.

ஆற்றை மீட்ட சியோல்

சாலையைக் குறைத்தால் நெரிசல் தாங்குமா என்று கேட்பவர்களுக்குத் தென்கொரியத் தலைநகர் சியோல் நல்ல எடுத்துக்காட்டு. அந்நகரின் நடுவே ஓடிய சோங்கேசோன் ஓடை சாக்கடையாகிப்போன நிலையில், 1958 முதல் அதைக் கான்கிரீட்டால் மூடத் தொடங்கினார்கள். பிறகு அதன்மேல் உயர்மட்ட விரைவுச்சாலையும் கட்டினார்கள். காலப்போக்கில் பாலம் பழுதடைந்தது. அதைச் செப்பனிடவே பெருந்தொகை தேவைப்பட்டது. அப்போதைய மாநகர மேயர் லீ மியுங் பாக், பாலத்தைச் செப்பனிடுவதற்குப் பதிலாக இடித்துவிட்டு ஓடையைத் திறக்க முடிவு செய்தார். 2003 ஜூலையில் இடிப்பு வேலை தொடங்கியது. 2005 அக்டோபர் முதல் நாள், ஏறத்தாழ 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு நீர் ஓடும் நடைவழி மக்களுக்குத் திறக்கப்பட்டது.

வாகனங்கள் என்னவாயின? வடிகாலை அகலப்படுத்தினால் வெள்ளம் வடியும். சாலையை அகலப்படுத்தினால் வாகன வெள்ளம் பெருகும். இடம் இருப்பதால்தான் பல பயணங்கள் காரில் நடக்கின்றன. சியோல் சும்மா பாலத்தை இடித்துவிட்டு நிற்கவில்லை. 2004 ஜூலையில் பேருந்துச் சேவை முழுவதையும் திருத்தியமைத்தது. சாலையின் நடுவே பேருந்துக்குத் தனித்தடம் கொடுத்தது. அஞ்சியதுபோல் நகரம் ஸ்தம்பிக்கவில்லை. மாற்று வழியைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் காரின் இடத்தைக் குறைக்க வேண்டும் என்பது சியோல் கற்றுத்தரும் முதல் பாடம்.

இரண்டாம் பாடம் சற்றுக் கசப்பானது. அந்தப் பாலத்தின் கீழும் ஓரங்களிலும் ஆயிரக்கணக்கான சிறுவணிகர்களும் நடைபாதை வியாபாரிகளும் பிழைத்துவந்தனர். மாநகராட்சி அவர்களோடு பலமுறை பேச்சு நடத்தியது. நடைபாதை வியாபாரிகளில் நூற்றுக்கணக்கானோர் தோங்டேமுன் விளையாட்டரங்கத்துக்கு மாற்றப்பட்டனர். சில ஆண்டுகளில் அந்த அரங்கமும் இடிக்கப்பட்டது. அவர்கள் 2008-இல் மீண்டும் வேறிடத்துக்குப் பெயர்ந்தனர். கடைக்காரர்களுக்காகத் தொலைவில் கட்டப்பட்ட பெரிய வணிக வளாகத்துக்குப் பலரால் போக முடியவில்லை. அதன் விலை அவர்களுக்கு எட்டவில்லை. ஓடைக்கரையில் இன்று உலகமே நடக்கிறது. ஆனால் அங்கே முன்பு பிழைத்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த அழகில் பங்கு கிடைத்தது?

வாடகை என்னும் அமைதியான புல்டோசர்

இந்தக் கேள்வி மலேசியாவுக்குப் புதிதன்று. பினாங்கின் ஜார்ஜ்டவுனில், பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் தயவில் எளிய குடும்பங்களும் சிறுகடைகளும் தலைமுறை தலைமுறையாகக் கடைவீடுகளில் இருந்துவந்தன. அந்தக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. வாடகை பன்மடங்கு உயர, பல குடும்பங்கள் வெளியேறின. 2008 ஜூலையில் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலங்களாயின. கட்டடங்கள் காப்பாற்றப்பட்டன, தெருக்கள் செப்பனிடப்பட்டன, சுற்றுப்பயணிகள் குவிந்தனர். பழைய கடைகள் பல காப்பிக்கடைகளாகவும் தங்கும் விடுதிகளாகவும் மாறின.

சுவரைக் காப்பாற்றச் சட்டம் வந்தது. சுவருக்குள் வாழ்ந்தவரைக் காப்பாற்ற அதே அளவு வலுவான சட்டம் வரவில்லை. புல்டோசர் வந்தால் சத்தம் கேட்கும்; ஊர் கூடும்; செய்தி வரும். வாடகை உயர்வு சத்தமில்லாமல் ஒரு கடிதமாக வரும். கடைக்காரர் ஒருநாள் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலும் 'நூறு குவார்ட்டர்ஸ்' என்று பெயர்பெற்ற பழைய ரயில்வே குடியிருப்பு இடிக்கப்பட்டுவிட்டது. அங்கே வளர்ந்த பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளை அழைத்துவந்து காட்ட ஒரு வாசற்படிகூட இல்லை.

சிங்கப்பூரின் சின்னச் சின்ன வேலைகள்

பெரிய பாலத்தை இடிப்பதும் பெரிய நீரூற்றைக் கட்டுவதும் மட்டுமே புத்துயிர் அல்ல. சிங்கப்பூர் 2014 முதல் முதியோர் அதிகம் வாழும் குடியிருப்பு வட்டாரங்களில் 'சில்வர் ஸோன்' என்ற பாதுகாப்புப் பகுதிகளை அமைத்து வருகிறது. அங்கே சாலையைக் குறுக்கி, சற்றே வளைத்து விடுகிறார்கள். வாகனம் தானாகவே வேகத்தைக் குறைக்கிறது. சாலையின் நடுவில் நின்று இளைப்பாறத் திட்டு இருக்கிறது. முதியவர் பாதிச் சாலையைக் கடந்து, நின்று, மூச்சு வாங்கி, பிறகு மீதியைக் கடக்கலாம். வேக வரம்பும் குறைக்கப்படுகிறது. அதற்கு முன்பே, 2009 முதல், முதியவர் தம் சலுகை அட்டையைச் சாலைக் கடப்பு விளக்குக் கம்பத்தில் வைத்தால் பச்சை மனிதன் கூடுதல் நொடிகள் ஒளிரும் ஏற்பாடும் வந்துவிட்டது. மேலே போட்ட கணக்கில் குறைந்த அந்த ஐந்து நொடியை ஓர் அட்டை மீட்டுத் தருகிறது.

2017-இல் பென்கூலன் ஸ்திரீட் மறுபடி திறக்கப்பட்டபோது, முன்பிருந்த நான்கு தடங்கள் இரண்டாகிவிட்டன. அந்த இரண்டிலும் ஒன்று பேருந்துக்கு. மீந்த இடம் அகன்ற நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் ஆனது. அடியில் புதிய ரயில் நிலையம், மேலே நடப்பதற்கு இடம். பாதாள ரயிலுக்காகத் தோண்டிய சாலையை மூடும்போது பழையபடியே மூட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே!

வணிகரின் அச்சம் நியாயமானதே

இப்படிப் பேசும்போதெல்லாம் வணிகர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "கார் நிறுத்த இடமில்லை என்றால் வாடிக்கையாளர் எப்படி வருவார்?" இதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. துன் சம்பந்தன் சாலை ஒருவழிப் பாதையாக்கப்பட்டபோதும் வியாபாரம் குறைந்ததாக அங்குள்ள கடைக்காரர்கள் முறையிட்டதுண்டு. தெருவைத் தோண்டிப் போட்டிருக்கும் மாதங்களில் பெரிய பேரங்காடிக்கு நட்டம் வராது. ஒரு மாத வருமானத்தை நம்பி அடுத்த மாத வாடகை கட்டும் சிறுகடைக்குத்தான் மூச்சுத் திணறும்.

அதற்காக எதையும் மாற்றாமல் விடுவதும் தீர்வாகாது. சரக்கு லாரிகளுக்குக் காலையில் குறிப்பிட்ட நேரமும் இடமும் ஒதுக்கலாம். தெரு முழுவதையும் ஒரே நேரத்தில் தோண்டாமல் பகுதி பகுதியாக வேலையை முடிக்கலாம். வேலை நடக்கும் காலத்தில் உரிமக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம். அரசு நிலத்திலும் அரசுக் கட்டடத்திலும் உள்ள கடைகளுக்கும் ஒட்டுக்கடைகளுக்கும், பழைய வியாபாரிகளுக்கே முன்னுரிமை என்று எழுத்தில் கொடுக்கலாம். பூ கட்டி விற்பவரை 'தெருவுக்கு அழகில்லை' என்று விரட்டிவிட்டு, பிறகு பூக்கூடை போன்ற சிற்பத்தை வைப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

மக்களுடைய பங்கும் இதில் உண்டு. மலேசியாவில் உள்ளாட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. கோலாலம்பூர் மேயர் நியமிக்கப்படுபவர். எனவே வாக்குச் சீட்டின் மூலம் ஒரு நடைபாதையைக் கேட்டுப் பெற வழியில்லை. மாநகர் மன்றம் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது போய்ப் பார்த்து, எழுத்தில் கருத்துச் சொல்வது ஒன்றுதான் கைவசம் உள்ள வழி. கோயில் நிர்வாகங்களும் வணிகர் சங்கங்களும் குடியிருப்பாளர் சங்கங்களும் தனித்தனியே முணுமுணுப்பதை விட்டுவிட்டு, ஒரே மனுவாகக் கொண்டுபோனால் அதற்கு எடை கூடும். கடைக்கு முன்னால் மஞ்சள் ஓட்டின்மீது வண்டியை நிறுத்தும் வாடிக்கையாளரிடம் "அண்ணே, கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க" என்று சொல்ல எந்த மனுவும் தேவையில்லை.

ரிப்பனுக்கு முன் ஒரு நடை

இனி எந்தத் தெருவைப் புதுப்பித்தாலும், திறப்பு விழாவுக்கு முன்னால் ஒரு சிறு சடங்கைச் சேர்த்துக்கொள்ளலாம். முழங்கால் வலியுள்ள ஒரு மூதாட்டி, வெள்ளைக் கோலோடு ஒருவர், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்த ஒரு தாய், சக்கர நாற்காலியில் ஒருவர், இந்த நால்வரும் ரயில் நிலையத்திலிருந்து கோயில் வரை நடக்கட்டும். அமைச்சரும் அதிகாரியும் பொறியாளரும் அவர்களுக்குப் பின்னால், அவர்களுடைய வேகத்திலேயே நடந்து வரட்டும். எந்த இடத்திலும் சாலையில் இறங்காமல் நால்வரும் போய்ச் சேர்ந்தால் ரிப்பனை வெட்டலாம். சேரவில்லை என்றால், நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு மறுநாள் அங்கே வேலையைத் தொடங்கலாம்.

ஓராண்டு கழித்து அதே மூதாட்டி மறுபடியும் வரட்டும். அதே மருந்துக் கடை, அதே பூக்கடை அங்கே இருந்தால், அன்றைக்கு அந்தத் தெரு புத்துயிர் பெற்றுவிட்டது என்று மனமாரச் சொல்லலாம். அதற்குப் பிறகு எத்தனை தோரணம் வேண்டுமானாலும் கட்டலாம். எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.